கைத்தொலைபேசியில் ஒரு தேசப்படம்



தேசப்படம் என்றதும் என் மனக்கண் முன் தோன்றுவது பாடசாலைச் சுவரிலே தொங்கும் துணிப்படந்தான். மேலும் கீழும் கறுப்புக் கம்பு கோத்த அப்படத்தை அவிழ்த்து விரிக்கும்போது எழும் தூசியும், மடிப்பு விழுந்த இடத்திலே அழிந்துபோன ஆறுகளும், மாணவரின் விரல் பட்டுப்பட்டு நிறம் வெளிறிய கொழும்பும் என் போன்ற ஆசிரியர் எவராலும் மறக்கக்கூடியன அல்ல. நான் கலைத்துறையிலே பட்டம் பெற்றவன். அதிபராவதற்கு முன்னர் பல ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன். இயந்திர நுட்பம் கற்றவன் அல்லன். எனினும் இன்று கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்ட தேசப்படத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகின்றேன். இவ்விருப்பத்தை எனக்குள் எழுப்பியது ஒரு குளம்.

அண்மையில் வன்னிப் பகுதியிலுள்ள பாடசாலையொன்றிலே நடைபெற்ற கூட்டத்துக்குச் செல்லவேண்டியிருந்தது. மார்கழி மாதம், மழை சற்றே விட்டிருந்த காலை வேளை. எமது பாடசாலையின் இளம் ஆசிரியர் ஒருவர் தமது வண்டியிலே என்னை அழைத்துச் சென்றார். வழி காட்டியது அவருடைய கைத்தொலைபேசி. பிரதான வீதியிலிருந்து கிரவற் பாதைக்கும், கிரவற் பாதையிலிருந்து மண் ஒழுங்கைக்குமாக அது எம்மைத் திருப்பிக்கொண்டே போயிற்று. "இன்னும் 800 மீற்றர்தான், சேர்" என்று அவர் கூறி வாய் மூடுமுன் வண்டி நின்றது. முன்னாலே குளம். ஒழுங்கை நீருக்குள்ளே இறங்கி மறைந்தது. தொலைபேசியின் திரையிலோ நீலக்கோடு எவ்விதத் தடையுமின்றி அக்கரை வரை சென்றது.

மாடு சாய்த்துக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் எம்மைக் கண்டு சிரித்தார். "இந்தப் பாதை மாரியிலை தண்ணிக்குள்ளை போயிடும் ஐயா. கோடையிலைதான் பாவிக்கலாம். உங்களுக்கு முன்னமும் கனபேர் இப்பிடித்தான் வந்து திரும்பிப் போனவை" என்றார். கோடையிலே எடுத்த வான்படத்தைப் பார்த்து, குளத்தின் வயிற்றினூடாகச் சென்ற வண்டித் தடத்தை எவரோ எங்கோ இருந்து பாதை என்று வரைந்திருக்கவேண்டும். அச்செயலியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. எமக்கு நேர்ந்த நட்டம் ஒரு மணி நேரமும் சிறிது பெற்றோலுந்தான். ஆயினும் இதே இனத்தைச் சேர்ந்த தவறொன்று 2012ஆம் ஆண்டிலே கடல் கடந்த நாடொன்றில் மனிதரைப் பாலைநிலத்திலே கொண்டுபோய் விட்டது. அது பிறந்த வரலாறு முழுவதும் அறியத்தக்கது. அதனையே இன்று கூறப்போகின்றேன்.

கைத்தொலைபேசித் தேசப்படம் இரண்டு வேலைகளின் கூட்டு என்பதை முதலிலே மனங்கொள்ளல் வேண்டும். 'நான் எங்கே நிற்கிறேன்?' என்பது ஒரு வினா. 'என்னைச் சுற்றி என்ன இருக்கிறது?' என்பது மற்றொரு வினா. முதல் வினாவுக்கு விடை தருவன வானிலே வலம்வரும் செய்மதிகள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசு இயக்கிவரும் ஜீ.பி.எஸ். செய்மதிகள் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்திலே பூமியைச் சுற்றுகின்றன. அவை இடைவிடாது அனுப்பும் நேரக் குறிப்புகளைத் தொலைபேசி பெற்று, ஒவ்வொரு குறிப்பும் வந்துசேர எடுத்த காலத்தைக்கொண்டு தூரத்தைக் கணிக்கிறது. நான்கு செய்மதிகளின் குறிப்பேனும் கிடைத்துவிட்டால் தன் இடத்தைத் தானே அறிந்துகொள்ளும். திறந்த வெளியிலே இக்கணிப்பு ஏறக்குறைய 5 மீற்றர் அளவுக்குச் சரியாக அமையும். எமது பாடசாலை முற்றத்திலே நிற்கும் வேப்பமரத்தின் நிழலளவு என்று சொல்லலாம்.

இரண்டாம் வினாவுக்குச் செய்மதி விடை கூறமாட்டாது. இந்த ஒழுங்கையின் பெயர் யாது, அந்தப் பாலத்தின்மேல் பாரவண்டி போகலாமா, அக்கட்டடம் வைத்தியசாலையா களஞ்சியமா, இப்பாதை மாரியிலும் இருக்குமா என்பவற்றையெல்லாம் மனிதரே கண்டும் கேட்டும் எழுதவேண்டும். அன்று குளத்தோரத்திலே எமது இடத்தைக் காட்டிய நீலப் புள்ளி சரியாகவே இருந்தது. பிழைத்தது அதன் கீழே விரிந்திருந்த படம். இவ்விரண்டினையும் ஒன்றெனக் கருதுவதிலேதான் பெரும்பாலான ஏமாற்றங்கள் பிறக்கின்றன. புள்ளியின் துல்லியத்தைக் கண்டவர் படமும் அத்துணைத் துல்லியமென்றே நம்பிவிடுகின்றனர்.

இனி வரலாற்றுக்கு வருவோம். அப்பிள் கம்பனி தனது ஐபோனை 2007ஆம் ஆண்டிலே விற்பனைக்கு விட்டபோது அதனுள்ளே ஒரு தேசப்படச் செயலி இருந்தது. செயலியை அமைத்தது அப்பிள். உள்ளே இருந்த படமோ கூகுளினுடையது. கூகுள் தனது தேசப்படத்தை 2005ஆம் ஆண்டிலே வெளியிட்டிருந்தது. 2007 முதல், கூரையிலே கமரா பூட்டிய மோட்டார் வண்டிகளைத் தெருத்தெருவாக ஓட்டிப் படம் பிடித்து அவற்றையும் காட்டத் தொடங்கியது. வெளியாரிடம் வாங்கிய தரவுகளைத் தனது வண்டிகள் கண்டவற்றோடு ஒப்பிட்டுத் திருத்தும் பெருவேலையை 2008ஆம் ஆண்டளவிலே ஆரம்பித்தது. 2009இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பகுதிக்குத் தன் சொந்தத் தரவையே பயன்படுத்தலாயிற்று. அதே ஆண்டிலே, 'அடுத்த சந்தியில் இடப்பக்கம் திரும்புக' என்று குரலால் வழி சொல்லும் வசதியையும் அண்ட்ரொயிட் வகைத் தொலைபேசிகளிலே கொடுத்தது. ஐபோனுக்கு அவ்வசதி கிட்டவில்லை. அதற்குள் இரு கம்பனிகளும் தொலைபேசி வணிகத்திலே நேர் போட்டியாளராகியிருந்தன. அயல்வீட்டுக் கிணற்றிலே நீர் அள்ளுபவன், அவ்வயலவனோடு எல்லைத் தகராறும் தொடங்கிவிட்டால், தன் வளவிலே கிணறு வெட்டத்தானே நினைப்பான்?

அப்பிள் கிணறு வெட்டியது. 2009 முதல் தேசப்படத் தொழிலில் ஈடுபட்ட சிறு கம்பனிகள் சிலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கியது. வீதித் தரவின் பெரும்பகுதியை டொம்டொம் என்னும் ஒல்லாந்துக் கம்பனி கொடுத்தது. கடைகள், உணவுச்சாலைகள் பற்றிய குறிப்புகள் யெல்ப் முதலிய இடங்களிலிருந்து வந்தன. நகரங்களைப் பறவைக் கண்கொண்டு முப்பரிமாணமாகக் காட்டும் நுட்பம் 2011இல் வாங்கப்பட்ட சுவீடன் நாட்டுக் கம்பனியொன்றினது. இவையெல்லாம் ஒருங்கு சேர்ந்த புதிய செயலி 2012 யூன் 11ஆந் திகதி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்ரெம்பர் 19ஆந் திகதி, தொலைபேசியின் அடிப்படை மென்பொருளின் ஆறாவது பதிப்போடு மக்கள் கைக்கு வந்தது. பழைய செயலி இருந்த இடத்திலே புதியது அமர்ந்தது. மென்பொருளைப் புதுப்பித்தவர் இரண்டிலொன்றைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைப் பெறவில்லை. முதல்நாள் இரவு இருந்த தேசப்படம் மறுநாட் காலை இல்லை.

மறுநாளே முறைப்பாடுகள் எழுந்தன. பி.பி.சி. செய்திச் சேவைக்கு மட்டும் வந்தவற்றுட் சிலவற்றைக் கேளுங்கள். ஸ்ராற்பட் அப்பொன் ஏவன் என்னும் ஊரைத் தேடியவர்க்கு அவ்வூர் அகப்படவில்லை. ஆங்கில இலக்கியத்தையும் ஒரு பாடமாகக் கற்றவன் என்ற முறையில் இது என்னைச் சிரிக்கவும் திகைக்கவும் வைத்தது. சேக்ஸ்பியர் பிறந்த ஊரையே இங்கிலாந்தின் தேசப்படத்திலிருந்து காணாமற் போக்கிவிட்டார்களே! அக்ஃபீல்ட் என்னும் ஊர் இடம் பெயர்ந்து நின்றது. ஸ்கொத்லாந்தின் பல பகுதிகளிலே வான்படத்தை முகில் மூடியிருந்தது. புகழ்பெற்ற மன்செஸ்ரர் யுனைற்றட் காற்பந்துக் கழகத்தைத் தேடியவர்களை, ஐந்து வயது முதலான பிள்ளைகள் விளையாடும் சேல் யுனைற்றட் என்னும் உள்ளூர்க் கழகத்துக்கு அனுப்பியது செயலி. தளபாட நூதனசாலையொன்று ஆற்றுக்குள்ளே நின்றது. முப்பரிமாணக் காட்சிகளைப் பார்த்தவர் இன்னும் நகைத்தனர். நியூயோர்க்கின் புறூக்ளின் பாலம் வெயிலிலே உருகிய மெழுகுபோல் வளைந்து தொங்கியது. கொலராடோ ஆற்றை மறிக்கும் ஹூவர் அணைக்கட்டை அடுத்த வீதி பாதாளத்துக்குள் இறங்கியது.

இவை நகைச்சுவைக்கு உரியன. அயர்லாந்திலே எழுந்த முறைப்பாடு சற்று வேறு வகையினது. தலைநகராகிய டப்ளினின் தென்புறத்திலே டண்ட்ரம் என்ற பகுதியிலே ஒரு பண்ணையும் பூந்தோட்டமும் உள. அவ்விடத்துக்கு 'ஏர்ஃபீல்ட்' என்று பெயர். ஆங்கிலத்திலே அச்சொல்லுக்கு விமானம் இறங்கும் வெளி என்றும் பொருளுண்டு. புதிய தேசப்படம் அப்பண்ணையின்மேல் விமானச் சின்னத்தைப் பொறித்து விமான நிலையம் ஆக்கிவிட்டது. அந்நாட்டு நீதியமைச்சராக அப்போது இருந்த அலன் சற்றர், இடர்வேளையிலே அப்பகுதியை அறியாத விமானியொருவர் வேறு தகவல் கிடைக்காதவிடத்து அங்கே இறங்க முயலவுங்கூடும் என்று கண்டித்து அறிக்கை விட்டார். விமானிகள் கைத்தொலைபேசியைப் பார்த்து விமானம் இறக்குவதில்லை என்று நீங்கள் கூறலாம். மெய்தான். ஆயினும் சொல்லைக் கண்டு பொருளைக் காணாத அத்தவறு எப்படிப்பட்டதென்பதை நோக்குங்கள். எம்மூர்க் 'கடற்கரையப்பர்' கோவிலைக் கடற்கரை என்று குறித்தால் எப்படியோ அப்படி. பெயரைப் படித்து வகை பிரித்தது இயந்திரம். போய்ப் பார்த்த கண் எதுவும் இடையிலே இருந்ததாகத் தோன்றவில்லை.

இனி மில்டூராவுக்கு வருகின்றேன். அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்திலே, வடமேற்கு மூலையிலே, மறே ஆற்றங்கரையில் அமைந்த ஊர் அது. கனடாவிலே பிறந்த சாஃபி சகோதரர் இருவர் 1887ஆம் ஆண்டிலே தொடங்கிய நீர்ப்பாசனக் குடியேற்றத்தினால் வளர்ந்தது. முந்திரிகைக்கும் தோடைக்கும் பெயர்பெற்றது. ஆற்று நீர் பாயும் இடமெல்லாம் பசுமை. அதனை விட்டு விலகினால் வறள்நிலம். தென்மேற்கே 6,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பிலே மறே சன்செற் தேசிய வனம் கிடக்கிறது. வனம் என்ற பெயரைக் கேட்டு எமது மலைநாட்டு மரச்செறிவை எண்ணிவிடாதீர்கள். மணலும் குறுமரங்களும் உப்பேரிகளும் கொண்ட வெறுநிலம் அது. அங்கே குடிநீர் வசதி இல்லை.

2012 டிசெம்பர் 10ஆந் திகதி விக்ரோறியாப் பொலிஸார் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தனர். மில்டூராவுக்குச் செல்ல எண்ணி ஐபோனின் தேசப்படத்தைப் பின்பற்றிய சிலர் அவ்வனத்தின் நடுவிலே அகப்பட்டுக்கொண்டனர் என்றும், கடந்த சில வாரங்களாக அவர்களை மீட்டுவருவதாகவும் அதிலே கூறினர். தேசப்படம் மில்டூராவைக் குறித்திருந்த இடம் உண்மையான ஊரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீற்றர் தொலைவு. அவுஸ்திரேலியாவிலே டிசெம்பர் கோடைகாலம். அவ்வனத்திலே வெப்பநிலை 46 பாகை செல்சியஸ் வரை உயரக்கூடும் என்பதனால் இது உயிராபத்தான விடயம் என்று பொலிஸார் வெளிப்படையாகவே எழுதினர். மீட்கப்பட்டவருட் சிலர் 24 மணி நேரம் வரை உணவும் நீருமின்றி நின்றவர்கள். தொலைபேசித் தொடர்பு கிடைக்கும் இடத்தைத் தேடி ஆபத்தான நிலத்தினூடாக நெடுந்தூரம் நடந்தவர்களும் இருந்தனர். அந்நிலையை ஒருகணம் எண்ணிப்பாருங்கள். அவர்களைக் காட்டுக்குள் கொண்டுவந்ததும் அக்கருவி. உதவி கேட்க அவர்களிடம் இருந்ததும் அக்கருவியே. அதுவும் அங்கே ஊமையாயிற்று.

இத்தவறு எவ்வாறு நேர்ந்தது? ஒரு நகரம் தானாக 70 கிலோமீற்றர் நடந்துபோகாதே. செய்தியாளர் ஆராய்ந்தபோது ஒரு விளக்கம் கிடைத்தது. அவுஸ்திரேலிய அரசின் இடப்பெயர்ப் பட்டியலிலே மில்டூரா என்ற பெயர் இரண்டு பதிவுகளில் உளது. ஒன்று ஊர். மற்றது 'மில்டூரா கிராமிய நகரம்' எனப்படும் உள்ளூராட்சிப் பிரதேசம். பின்னையது 20,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. எமது தீவின் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. இத்தகைய பிரதேசத்தைப் பட்டியலிலே ஒரு புள்ளியாகக் குறிக்கவேண்டுமானால் அதன் நடுவிலே குறிப்பர். அந்த நடுப்புள்ளி வனத்துக்குள்ளே விழுந்தது. பட்டியலைத் தொகுத்தவர் பிழை செய்யவில்லை. அவர் பிரதேசத்தைப் பிரதேசமென்றே எழுதியிருந்தார். அதைப் படித்த இடத்திலேதான் பிரதேசம் ஊராகிவிட்டது. மட்டக்களப்பு மாவட்டத்தின் நடுப்புள்ளியை அளந்து கண்டுபிடித்து, அங்கே மட்டக்களப்பு நகரம் உண்டென்று எழுதுவதற்கு இஃது ஒப்பாகும். எட்டாம் வகுப்பு மாணவன் இவ்வாறு குறித்தால் நான் சிவப்பு மையினாலே சுழித்துவிடுவேன். இங்கே சுழிப்பதற்கு எவரும் இருக்கவில்லை.

பரீட்சை மண்டபத்திலே நெடுங்காலம் நின்றவனாதலால் எனக்கு ஓர் அனுபவம் உண்டு. ஒருவனைப் பார்த்து எழுதுபவன் அவன் செய்த பிழையை மட்டுமே எழுதுவான். நால்வரைப் பார்த்து எழுதுபவனோ, நால்வரும் தனித்தனியே சரியாக எழுதியிருந்தாலுங்கூட, ஒருவனுடைய முதற்பாதியையும் மற்றவனுடைய பிற்பாதியையும் சேர்த்து நால்வரும் எழுதாத புதுப் பிழையொன்றைப் படைத்துவிடுவான். பல இடங்களிலிருந்து வாங்கிய தரவுகளைப் பொருத்தும் தேசப்படத்திலும் இதுவே நிகழ்கிறது. ஒரே கடை இரண்டு பெயரில் இரண்டு இடத்திலே நிற்கும். ஒரே பெயருடைய இரண்டு ஊர்கள் ஒன்றாகிவிடும். இவற்றைத் தீர்த்துவைக்கக் கணக்கு முறைகள் உண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தரம் அவை சரியாகவே தீர்க்கின்றன என்று வைத்துக்கொண்டாலும், உலக முழுவதையும் வரைபவனுக்கு எஞ்சிய ஒன்றே இலட்சக்கணக்கிலே வந்து நிற்கும். கூகுளின் முற்காலப் படமும் பிழைகள் நிறைந்தே இருந்தது. 2010ஆம் ஆண்டிலே நிக்கரகுவா நாட்டுப் படையினர் கொஸ்ரரிக்கா நாடு தனதென்று கூறும் நிலத்திலே நுழைந்தபோது, அவர்தம் தளபதி கூகுளின் தேசப்படத்தைச் சான்று காட்டினார். அப்படத்திலே எல்லைக்கோடு தவறியிருந்ததை அக்கம்பனியும் ஒப்புக்கொண்டது. ஏழாண்டுக் காலம் பிழைபட்டுத் திருந்திய படத்தை எடுத்துவிட்டு, திருந்தாத படத்தை ஒரே இரவில் கோடிக்கணக்கானோர் கையிலே வைத்ததுதான் 2012இன் வேறுபாடு.

செயலி வெளிவந்த ஒன்பதாம் நாள், செப்ரெம்பர் 28ஆந் திகதி, அப்பிளின் தலைவர் ரிம் குக் வாடிக்கையாளருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். தாம் கொடுத்த வாக்கை நிறைவேற்றத் தவறிவிட்டதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அதனோடு நிற்காமல், திருத்தம் முடியும்வரை போட்டியாளரின் தேசப்படங்களைப் பயன்படுத்துமாறு, கூகுள் உட்பட அவற்றின் பெயரையே குறித்து எழுதினார். பெருங்கம்பனியின் தலைவரொருவர் தமது பொருளை விட்டுப் பிறர் பொருளைப் பாவியுங்கள் என்று எழுதுவது அரிதிலும் அரிது. பிழையை மறைக்கப் பத்துக் காரணம் தேடும் வழக்கத்தை அலுவலகங்களிலே நாள்தோறும் கண்டுவரும் எனக்கு அம்மடலின்மீது மதிப்பு உண்டு. செயலிக்குப் பொறுப்பாயிருந்த ஸ்கொற் ஃபோஸ்ரோல் கம்பனியை விட்டு நீங்குவார் என்ற அறிவித்தல் அடுத்த மாதமே வந்தது. டிசெம்பரிலே கூகுள் தனது செயலியைத் தனியாக ஐபோனுக்குக் கொண்டுவந்தபோது 48 மணி நேரத்தில் ஒரு கோடிப் பேர் அதனைப் பெற்றனர்.

எனினும் அம்மடலிலே ஒரு செய்தி என் மனத்தை உறுத்துகிறது. மக்கள் எவ்வளவுக்குப் பயன்படுத்துகின்றனரோ அவ்வளவுக்குத் தேசப்படம் திருந்தும் என்று அதிலே கூறப்பட்டது. பத்துக் கோடிக்கு மேற்பட்ட கருவிகளிலே அது ஏற்கெனவே இயங்குகிறது என்றும் சொல்லப்பட்டது. இது உண்மையே. வழி தவறிய ஒவ்வொருவரும் அறிவித்தால் அடுத்தவர் வழி தவறார். ஆயினும் முதலில் வழி தவறுபவர் யார்? பழைய நாளிலே நில அளவையாளன் சம்பளம் பெற்றுக்கொண்டு, தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, தான் அறியாத இடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்தே போனான். மில்டூராவுக்குப் புறப்பட்ட குடும்பத்தினர் தாம் அளவையாளர் ஆக்கப்பட்டதை அறியார். புதிய பொருள் குறையோடு பிறப்பது இயல்பு. அதன் வளர்ச்சி நோவு எவருடைய உடம்பிலே நோகிறது என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

பயணிகளிடத்தும் குறை இல்லாமலில்லை. 2013 செப்ரெம்பரிலே அலாஸ்கா மாநிலத்துப் பெயர்பாங்ஸ் விமான நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். அச்செயலி, வண்டிகளை விமானங்கள் ஊர்ந்து செல்லும் தளப்பாதை வரைக்கும் கொண்டுவந்து விட்டது. ஓடுபாதையைக் கடக்கும்படி அது கூறவில்லை. எதிரே நிலையக் கட்டடம் தெரிந்தது. சாரதிகள் எச்சரிக்கைப் பலகைகளையும் விளக்குகளையும் தாண்டி ஓடுபாதையின் குறுக்கே வண்டியைச் செலுத்திக் கட்டடத்தை அடைந்தனர். மூன்று வாரத்துக்குள் இருவர் இவ்வாறு செய்தனர். விமானங்கள் எதுவும் அப்போது அங்கே வராதது நற்பேறு. நிலையத்தார் அவ்வழியிலே தடுப்பு வைத்தனர். அப்பிளும் அவ்விமான நிலையத்துக்கு வழி கூறுவதைச் சிறிதுகாலம் நிறுத்திவைத்தது. 'செல்லாதே' என்ற பலகை கண்முன்னே நிற்க, 'செல்' என்ற திரையை நம்பியவர்கள் அவர்கள். அவர்களை மூடர் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. நானும் குளத்து நீர் வண்டிச் சில்லைத் தொடும்வரை அந்த நீலக்கோட்டைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்?

நான் கற்பித்த நாளிலே, ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவிலே எமது நில அளவைத் திணைக்களம் வெளியிட்ட படங்களைப் பயன்படுத்தினோம். 1800ஆம் ஆண்டிலே தொடங்கிய திணைக்களம் அது. அப்படங்களின் ஓரத்திலே, அளந்த ஆண்டும் திருத்திய ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். தார் வீதி ஒருவகைக் கோடு. வண்டிப்பாதை இன்னொரு வகை. ஒற்றையடிப்பாதை வெறும் புள்ளித்தொடர். வகுப்பிலே முதற்பாடமாக நான் கற்பித்ததே அவ்வோரத்தைப் படிக்கத்தான். 'படம் வரைந்தவன் எதனை உறுதியாகச் சொல்கிறான், எதனை ஐயத்தோடு சொல்கிறான் என்பதை முதலில் கண்டுபிடி' என்பேன். கைத்தொலைபேசியின் வழிக்கோட்டிலே இவ்வேறுபாடு இல்லை. நேற்று ஒருவர் வண்டி ஓட்டிச் சரிபார்த்த நெடுஞ்சாலையும், எவரும் சென்று பாராத குளத்து வண்டித் தடமும் ஒரே நீலத்திலே, ஒரே தடிப்பிலே ஒளிர்கின்றன. அக்குரலும் இரண்டினையும் ஒரே தொனியிலே சொல்கிறது. தயங்கத் தெரியாத வழிகாட்டி அது. குளத்தோரத்து முதியவரைப் போல 'மாரியிலை ஏலாது' என்று சொல்ல அதற்கு வாயில்லை.

புதிய படத்தின் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். கிறித்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, தப்ரபேன் என்ற பெயரால் எமது தீவைத் தமது நூலிலே குறித்தார். கப்பலோட்டிகள் சொன்னதைக் கேட்டுக் கணித்தமையால் தீவு உள்ளதைவிடப் பன்மடங்கு பெரிதாகி, இந்தியாவின் தென்பகுதியையே சிறிதாக்கிக்கொண்டு நின்றது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவிலே அச்சியந்திரம் வந்தபோதும் அதே பெருந்தீவையே அச்சிட்டார்கள். மில்டூராவோ பொலிஸார் எச்சரித்த சில நாள்களுக்குள் தன் ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்துவிட்டது. பிழை பரவும் வேகம் எத்தகையதோ, திருந்தும் வேகமும் அத்தகையதே. யாரேனும் ஒருவர் போய் நின்று பார்த்துச் சொல்லவேண்டும், அவ்வளவே.

அப்பிளும் இதனை உணர்ந்தது போலும். வாங்கிய தரவுகளை ஒட்டித் திருத்துவதை விட்டு, 2015 முதல் தன் சொந்த வண்டிகளை வீதிகளிலே ஓடவிட்டது. கமராக்களோடு, ஒளிக்கதிரை எறிந்து தூரம் அளக்கும் கருவிகளையும் அவ்வண்டிகள் தாங்கிச் சென்றன. படத்தை அடியிலிருந்து மீண்டும் கட்டுகிறோம் என்று 2018இல் அறிவித்துக் கலிபோர்னியாவின் வடபகுதியிலே முதலில் வெளியிட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் முழுவதற்கும் புதிய படம் நிறைவேறியது 2020 சனவரியில். ஒரே இரவில் மாற்றிவிடலாம் என்று எண்ணிய பொருளுக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. கூகுள் முன்னர் எடுத்துக்கொண்ட காலமும் ஏறக்குறைய அவ்வளவே.

எமது பாடசாலைக் கதையையும் சொல்லி முடிக்கின்றேன். மாணவர் பெரிதும் பாவிக்கும் தேசப்படச் செயலியொன்றிலே எமது பாடசாலை, உள்ள இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தள்ளி, வயல்வெளிக்கு நடுவே நின்றது. பத்தாம் வகுப்பு மாணவர் சிலர் அதனைத் திருத்துமாறு செயலியின் வழியாகவே எழுதினர். காரணம் கூறாமல் முதல் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. பின்னர் அவர்கள் படலையையும் பெயர்ப்பலகையையும் ஒருங்கே படம் பிடித்து அனுப்பினர். சில வாரங்கழித்துப் பாடசாலை தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது; பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்தனர். ஆனால் வழி இப்பொழுது பின்மதிலோடு வந்து முடிகிறது. அங்கே வாசல் இல்லை. வெளியூரிலிருந்து வரும் பெற்றோர் மதிலுக்கு அப்பால் நின்று அழைக்க, எமது காவலாளி உள்ளே நின்றபடி, "சுத்தி முன்பக்கம் வாங்கோ" என்று நாளுக்கு நாலு முறை கூவுகிறார். வாசல் எப்பக்கம் என்பதைக் குறித்து மாணவர் இரண்டாவது விண்ணப்பத்தைச் சென்ற வெள்ளிக்கிழமை அனுப்பியிருக்கின்றனர். விடை இன்னும் வரவில்லை.